கடல் தாண்டிப் போனவரின் மூத்த மகன்

ஏற்காடு
21 ஜனவரி 2025

அன்புள்ள தீபிகா அக்காவுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். போன மே மாதம் நீங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தபோது, நாகலூருக்குக் கீழே எங்கள் ஊர்க் காப்பித் தோட்டத்தில் இருக்கும் ஆஷ்வெல் துரையின் கல்லறைக்கு வழி காட்டினேனே, அந்த சிவரஞ்சனி. ஊர்க்கவுண்டர் மாதேஷின் மகள். கல்லறை மேல் கிடந்த மிளகுக் கொடியை விலக்கும்போது உங்களைச் செவ்வெறும்பு கடித்தது.

ஹாஸ்டலில் வார்டன் எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அதனால் இதை எல்லாரும் தூங்கிய பிறகு, பெட்டிகள் அடுக்கி வைக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே மட்டும் ஒரு சின்ன பல்பு அணையாமல் எரியும். யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடும். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அன்றைக்கு நீங்கள் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, இதில் எச்சில் துப்பினால் ஐந்தாறு தலைமுறைக்கு முந்தைய சொந்தம்கூடத் தெரியும் என்றீர்கள். எனக்கு ஆசையாக இருந்தது. துப்பிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

இப்போது பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு சண்டை. பிரபாகர் சித்தப்பா, அப்பாவுக்குப் பங்காளி, பிக்கப் வண்டி ஓட்டுகிறவர், எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார். "தொரை ஊட்டு ஆளுங்களுக்கெல்லாம் எதுக்குங்க மொதத் தாம்பூலம்? கவுண்டர் பட்டம் குழந்தைவேலு வம்சத்துக்குத்தான? எங்க ஊட்டுக்கு வரட்டும்" என்றார். குழந்தைவேல் என்பவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் முன்னோர். அவருடைய மூத்த மகன் சடையன் வழியில் நாங்கள். இளையவர் வழியில் சித்தப்பா. ஆனால் சடையன் ஆஷ்வெல் துரைக்குப் பிறந்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. சடையன் என் தாத்தாவுக்கு அப்பா.

அப்பா கத்தவில்லை. "மே மாசம் நொம்பியில சேர்வராயன் முன்னால சத்தியம் பண்றேன். அப்பறம் பேசு" என்று மட்டும் சொன்னார். எங்கள் மலையில் திருவிழாவை நொம்பி என்போம்.

அக்கா, எங்கள் ஊரில் அந்தச் சாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவருக்குக் கண் போய்விடும் என்பார்கள். சிரிக்காதீர்கள். நான் உயிரியல் படிக்கிறவள்தான். இருந்தாலும் அப்பாவின் கண்ணை வைத்து என்னால் சோதனை செய்து பார்க்க முடியாது. என் எச்சில் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். துரை ரத்தம் என்றால் அப்பாவை எப்படியாவது நிறுத்த வேண்டும்.

பதிலை ஹாஸ்டலுக்கு அனுப்பாதீர்கள். என் வகுப்பில் படிக்கும் தேவகுமாரி தினமும் வீட்டிலிருந்து வருகிறவள். அவள் அப்பாவின் பஜ்ஜிக் கடை முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பயத்துடன்,
சிவரஞ்சனி


கென்ட், இங்கிலாந்து
9 பிப்ரவரி 2025

அன்பு சிவரஞ்சனி,

எறும்புக் கடியும் நினைவிருக்கிறது, நீயும் நினைவிருக்கிறாய். உன் கடிதத்தில் எண்ணெய் வாசனை. பஜ்ஜிக் கடை வழியாகத்தான் தபாலுக்கு வந்தது போலிருக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்தவளுக்கு இந்தக் குளிரில் அது போதும், அரை மணி நேரம் கடிதத்தை மோந்து கொண்டிருந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முடிவு வந்துவிட்டது. நான் பார்த்துவிட்டேன். ஆனால் உன்னிடம் சொல்ல மாட்டேன், கண்ணு. உனக்கு வயது பதினாறு. உன் அப்பாவைக் கேட்காமல் அந்தக் குழாயை உன் கையில் நான் கொடுத்திருக்கவே கூடாது. அவரிடம் சொல். அவர் எனக்கு போன் செய்யட்டும். எண் கீழே இருக்கிறது. ஆஷ்வெல் குடும்பத்துக்கும் இன்னும் சொல்லவில்லை.

கோபப்படுவாய். அதற்குப் பதிலாக ஒரு கதை தருகிறேன், ஏமாற்று வேலை என்று வைத்துக்கொள்.

என் தொழில் வம்சாவளி தேடித் தருவது. உங்கள் துரையின் கொள்ளுப் பேரன் இங்கே இருக்கிறார், எழுபது வயதுக்காரர். அவருக்கு ஆசை, தன் குடும்பம் ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இதே மாவட்டத்தில் நிலம் வைத்திருந்த வில்லியம் ஆஷ்வெல்லிடமிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். எட்டாம் ஹென்றி இங்கே ராஜாவாக இருந்த காலம். உங்கள் மலைக்குக் கீழே விஜயநகர ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தது.

துரையிலிருந்து மேலே ஏறி ஏறி, ராபர்ட் ஆஷ்வெல் என்ற ஒருவரிடம் வந்து நிற்கிறேன். அவர் அம்மா ஜோன், வில்லியமின் மனைவி. அதில் சந்தேகமில்லை. ஆனால் ராஜாவின் படையோடு வில்லியம் கடல் தாண்டி பிரான்ஸுக்குப் போய், அங்கே ஒரு கோட்டைக் காவலில் நின்றுவிட்டார். அவர் அங்கே இருந்தபோது இங்கே ராபர்ட் பிறந்திருக்கிறான்.

அன்றைய சட்டம் ஒன்று வேடிக்கையானது. நாட்டைச் சூழ்ந்த நாலு கடலுக்கு உள்ளே கணவன் எந்த மூலையில் இருந்தாலும் சரி, மனைவிக்குப் பிறக்கும் பிள்ளை அவனுடையது. கேள்வி கேட்க முடியாது. கடலுக்கு அப்பால் இருந்தால்தான் கேட்கலாம். வில்லியம் அப்பால் இருந்தார். ராபர்ட் பிறந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினார்; அதற்கு முன் இடையில் ஒரு முறையாவது வந்து போனாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் இறந்ததும் அடுத்த மகன் எட்மண்ட் வழக்குப் போட்டான், ராபர்ட் என் அப்பாவின் பிள்ளை இல்லை, வீடும் நிலமும் எனக்கு வர வேண்டும் என்று.

நான் வரையும் மரத்தில் உறுதியான உறவுக்கு நேர்க்கோடு, சந்தேகத்துக்குப் புள்ளிக்கோடு. கிழவர் நேர்க்கோடு கேட்கிறார். மூன்று மாதமாக அந்த ஒரு கோட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவிடம் பேசு.

தீபிகா


ஏற்காடு
2 மார்ச் 2025

தீபிகா அக்காவுக்கு,

என் வாயிலிருந்து வந்த எச்சில். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இது எந்த ஊர் நியாயம்? அப்பாவிடம் பேசு என்று எழுதுவது சுலபம். பரீட்சை முடிந்து லீவு விட்டால்தான் வீட்டுக்குப் போக முடியும். அதுவரை தினமும் அப்பா கண்ணில் கட்டோடு நடப்பதைக் கனவில் பார்க்கிறேன். போன வாரம் பெட்டி அறைக்கு வார்டன் வந்துவிட்டார். பாவாடை எடுக்க வந்தேன் என்று பொய் சொன்னேன். பாவாடை எடுக்கப் பேனா எதற்கு என்று கேட்டிருந்தால் செத்திருப்பேன்.

கோபமாக இருக்கும்போதும் உங்கள் வில்லியம் கதையை நான் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

முதலில் ஒன்று. பிரபாகர் சித்தப்பா உங்கள் ஊரிலும் இருந்திருக்கிறார். எட்மண்ட் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, ஒரு கேள்வி. சட்டம் என்ன சொன்னது, எட்மண்ட் என்ன சொன்னான் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வில்லியம் என்ன சொன்னார்? ஊருக்குத் திரும்பி வந்தாரே, அந்தப் பையனைப் பார்த்தாரே. வீட்டை விட்டுத் துரத்தினாரா, வைத்துக்கொண்டாரா? அவர் உயிரோடு இருக்கும்வரை எட்மண்ட் ஏன் வாயைத் திறக்கவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை ராசம்மாள் அத்தை என்னைப் பார்க்க வந்தாள். அப்பாவின் அக்கா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். முறுக்கைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், நான் மெதுவாகக் கேட்டேன்.

"அத்தே, சடையன் தாத்தாவோட அம்மா தொரை பங்களாவுல வேலை செஞ்சாங்களா?"

"பொன்னாயியா? போனா. புருசன் கூட என்னமோ சண்டை. கோவிச்சிட்டுப் போனவ ரெண்டு வருசம் மேல ஏறி வரல."

"அப்புறம்?"

"அப்பறம் வந்தா. இடுப்புல பையன்."

"யாரு பையன்?"

"இதென்ன கேள்வி? அவ பையன்."

"அது இல்லத்தே. அப்பா யாரு?"

அத்தை முறுக்கைக் கடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் சாமி, பரீச்சையில இதெல்லாமா கேக்கறாங்க?" என்றாள். "குழந்தைவேலே நேர்ல போயி கூட்டிட்டு வந்தாரு. பங்களா வாசல்ல நின்னு, வா போலாம்னாராம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ நொம்ப எளைச்சுப் போயிட்ட, ஒழுங்காத் தின்னு."

மணி அடித்துவிட்டார்கள். அத்தை போய்விட்டாள்.

ரெண்டு வருடம் பங்களாவில் இருந்திருக்கிறார். இடுப்பில் பையன். நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குப் பாதி புரிகிறது. பாதி புரிவதுதான் பயமாக இருக்கிறது.

சிவரஞ்சனி


கென்ட்
23 மார்ச் 2025

அன்பு சிவரஞ்சனி,

நியாயம் இல்லைதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சொல்லப் போவதில்லை.

வில்லியம் என்ன சொன்னார் என்று கேட்டாயே, அதைப் படித்துவிட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாதக்கணக்காகக் காகிதங்களைப் படித்தேன். அந்தக் குடும்பத்தின் தேவாலயம் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். நான் ஒரு தடவையும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

போன சனிக்கிழமை போனேன். சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை. அவர் மனைவி செருப்பில்லாமல் ஓடி வந்து திறந்துவிட்டார். உள்ளே சுவரோடு சேர்த்து வில்லியமின் கல்லறை. வெள்ளைக் கல்லில் வில்லியமும் ஜோனும் எதிரெதிராக முழங்காலிட்டிருக்கிறார்கள். ஜோனுக்குப் பின்னால் பெண் பிள்ளைகள் வரிசை. வில்லியமுக்குப் பின்னால் ஆண் பிள்ளைகள் வரிசை, பெரியவனிலிருந்து சின்னவன் வரை, உயரம் குறைந்துகொண்டே போகிறது. அப்பாவின் முதுகுக்கு நேர் பின்னால், மற்ற எல்லாரையும்விட உயரமாக முழங்காலிட்டிருக்கிறான் ஒருவன். அவன் தலைக்கு மேல் ராபர்ட் என்று செதுக்கியிருக்கிறது. எட்மண்ட் அவனுக்கு அடுத்து. மூக்கு உடைந்திருக்கிறது.

இந்தக் கல்லறையை வில்லியம் தான் உயிரோடு இருக்கும்போதே செய்ய வைத்தார் என்று கல்லிலேயே இருக்கிறது. அதாவது யாரை எங்கே நிறுத்துவது என்று சிற்பிக்குச் சொன்னவர் அவரே. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊர் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எட்மண்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

உன் கேள்விக்கு இது பதில். என் கேள்விக்கு இல்லை. யார் பெற்றார் என்பதைக் கல் சொல்லவில்லை. அதனால் புள்ளிக்கோடுதான் போட்டிருக்கிறேன். கிழவர் இரண்டு நாளாகப் பேசவில்லை.

அடுத்த மாதம் உனக்கு லீவு. இனிமேல் கடிதம் எழுதாதே, பெட்டி அறைக்கும் போகாதே. வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் பேசு. அவர் போன் செய்யட்டும், இல்லை அவருக்குத் தெரிந்து நீ செய். நடுராத்திரி என்றாலும் எடுப்பேன்.

தீபிகா


நாகலூர் வழி
27 மே 2025

அன்புள்ள தீபிகா அக்காவுக்கு,

நீங்கள் போனில் "ஆமாம் கண்ணு, துரை உன் முன்னோர்தான்" என்று சொன்ன பிறகு நான் பேசாமல் வைத்துவிட்டேன். மன்னிக்கவும். நடந்தது எல்லாவற்றையும் போனில் சொல்ல முடியாது. எழுதினால்தான் வரிசையாக வரும்.

எச்சில் கொடுத்ததை அப்பாவிடம் சொன்னபோது அவர் சாமை மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "எச்சியவா குடுத்த?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு அவர் போனையே எடுத்து என்னிடம் கொடுத்தார். "தெரிஞ்சுக்கோணும்னா தெரிஞ்சுக்க. எங்கிட்டச் சொல்லாத. எனக்கு நொம்பிக்கு முன்னால புதுசா ஒண்ணும் காதுல விழ வேண்டாம்" என்றார்.

அப்பாவும் பயப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று மலை உச்சியில் நிற்க இடமில்லை. ராட்டினம், பொரிக்கடை, சேலத்திலிருந்து வந்த ஜீப்புகள். எங்கள் ஊர்க்காரர்கள் சாமி இருக்கும் குகைக்கு வெளியே ஒரு ஓரமாகக் கூடினார்கள். அப்பா ஈர வேட்டியோடு நின்றார். வழக்கைத் தீர்த்து வைக்கும் பெரிய மூப்பர் வெற்றிலையில் கற்பூரம் வைத்து ஏற்றினார். அதைக் கையால் அணைத்தால் சத்தியம் முடிந்தது.

அப்பா கையை நீட்டினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம்பா. நெசந்தான். நாம தொரை ரத்தம்தான். நான் சோதிச்சுப் பாத்துட்டேன்."

பொரிக்கடை மைக் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து ராசம்மாள் அத்தை சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இத இங்கிலாந்து வரைக்கும் போயி கேட்டியாக்கும்? உங்கப்பன் பூனைக்கண்ண பாத்தாலே தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மூப்பர் கற்பூரம் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாப்பா, ஆரு பெத்தாங்கன்னு இங்க ஆரு கேட்டா? அதக் கேட்டா ஊர்ல பாதி ஊடு நிக்காது. பொண்டாட்டி கூட வர்ற கொழந்தைய புருசங்காரன் மடியில வச்சு, அரைஞாண் கட்டி, ஊருக்குச் சோறு போட்டா அது அவம் புள்ளை. குழந்தைவேலு சடையன மடியில வச்சாரா இல்லியா, அதுதான் வழக்கு."

"வெக்கலீங்க" என்றார் பிரபாகர் சித்தப்பா. "கூட்டியாந்ததோட சரி. சோறு போடல. எங்க தாத்தா சொல்லிருக்காரு."

"வெச்சாரு" என்றார் அப்பா. "எங்க தாத்தா சொல்லிருக்காரு."

அக்கா, ஜனவரியிலிருந்து நான் பயந்த விஷயம் வேறு, அவர்கள் சண்டை போட்ட விஷயம் வேறு. நான் புத்தகத்தில் படித்ததை வைத்து ரத்தம் ரத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும்தான்.

அப்பா என் கையை விடுவித்துவிட்டுக் கற்பூரத்தை அணைத்தார். மூப்பர் உடனே இன்னொன்று ஏற்றினார். "பிரபாகரு, நீ வெக்கலீன்னு சொல்றியே, நீயும் அணைச்சிரு" என்றார்.

சித்தப்பா அந்த நெருப்பை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"நானு வண்டி ஓட்டற பொழப்புங்க. எனக்குக் கண்ணு வேணும்" என்றார்.

முதல் தாம்பூலம் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். சித்தப்பாதான் எங்கள் எல்லாரையும் பிக்கப்பில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்து விட்டார்.

ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். "மடியில வச்சதை நீங்க பாக்கலையே. உங்க தாத்தா பொய் சொல்லியிருந்தா?"

"அவருதானே அந்தச் சடையன். மடியில உக்காந்தவருக்குத் தெரியாதா?"

"கைக்குழந்தைக்கு என்னப்பா தெரியும்?"

"அதுவும் சரிதான்" என்றார். "பாத்த சனம் ஒண்ணும் இல்ல இப்ப."

அதுதான் என்னை இப்போது தூங்கவிடாமல் செய்கிறது. இதற்கு எந்தக் குழாயில் துப்புவது?

சிவரஞ்சனி


கென்ட்
15 ஜூன் 2025

அன்பு சிவரஞ்சனி,

ரகசியமாக வைத்திரு என்று போனில் முதலிலேயே நான் படித்துப் படித்துச் சொன்னதை நீ திருவிழாக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறாய். நல்லது. இனி நான் ஒளிக்க ஒன்றுமில்லை.

உன் அப்பாவிடம் போனில் கேட்டேன், அவர் ஒப்புக்கொண்டதால் கிழவரிடம் சொன்னேன். உன் பெயரை மூன்று தடவை எழுதிக் காட்டச் சொன்னார். தன் மரத்தில் உன்னைச் சேர்க்க வேண்டுமாம். துரைக்குக் கீழே சடையன், அதற்குக் கீழே உங்கள் வீடு. என்ன செய்யட்டும்? குழந்தைவேலை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் மரத்தில் அப்படிப்பட்டவருக்கு இடமே இல்லை என்பதை இருபது வருடத்தில் இப்போதுதான் கவனிக்கிறேன்.

எட்மண்ட் வழக்கு என்ன ஆனது என்று கேட்பாய். தீர்ப்பு இருந்த பக்கத்தை எலி தின்றுவிட்டது. ஆனால் ராபர்ட்டின் பேரன் அதே வீட்டில்தான் இறந்திருக்கிறான். எட்மண்டுக்கும் ஏதோ பிழைப்பு இருந்திருக்கும்.

தீபிகா


ஏற்காடு
7 ஜூலை 2025

அன்புள்ள தீபிகா அக்காவுக்கு,

மரத்தில் எங்களை எங்கே போடுவது என்பதைக் கிழவரும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள். குழந்தைவேலை விட்டுவிட்டால் மட்டும் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். நான் இப்போது வேறு ஒன்று எழுத வேண்டும், மறப்பதற்குள்.

எங்கள் ஊரில் ரஞ்சித் என்று ஒருவர் இருக்கிறார். ஏற்காடு டவுனில் ஒரு லாட்ஜில் ரூம் பையன் வேலை. அவர் மனைவி சங்கீதா மூன்று வருடத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் கம்பெனிக்குப் போய்விட்டார். போன மாதம் திரும்பி வந்தார். கூட ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது இருக்கும். பெயர் யாழினி. ரஞ்சித்தின் அம்மா வீட்டுக்குள் விடவில்லை. ரஞ்சித் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "கவுண்டரே, மடியில வெச்சுக்கறனுங்க. பொட்டப்புள்ளைக்கும் உண்டுங்களா?" என்று கேட்டார். அப்பாவுக்கே தெரியவில்லை. இது வரைக்கும் பையன்களுக்குத்தான் நடந்திருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "புள்ளைன்னா புள்ளைதான? உண்டு" என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் அனுமதி வாங்கி ஊருக்குப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. ஊருக்குச் சோறு என்றால் இப்போது நாகலூரிலிருந்து வாங்கிய சிக்கன் பிரியாணி. பிரபாகர் சித்தப்பாதான் வண்டியில் கொண்டு வந்தார். லெக் பீஸ் குறைகிறது என்று எல்லாரிடமும் சண்டை போட்டார்.

ரஞ்சித் மாரியம்மன் கோவில் படியில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. குழந்தை அவரிடம் போக மாட்டேன் என்று அழுதது. அம்மாவின் முந்தானையை விடவில்லை. ரஞ்சித்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாயால் பூனை மாதிரி கத்திப் பார்த்தார். அதற்கும் அழுதது. கடைசியில் அவர் சட்டைப் பையில் இருந்த சிவப்பு மூடி பேனாவைப் பார்த்துவிட்டுத் தானாகவே ஏறி உட்கார்ந்தது. அந்த நேரத்தில் அரைஞாண் கயிற்றைக் கட்டினார். ரஞ்சித்தின் அம்மா வரவில்லை. அவருக்கும் ஒரு பொட்டலம் போனது. திருப்பி அனுப்பவில்லை.

முடிந்ததும் அப்பா, "ஆரெல்லாம் பாத்தீங்க?" என்று கேட்டார். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். என் முறை வந்தபோது நானும் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை நீங்கள் வைத்திருக்க வேண்டும். எலி இல்லாத இடத்தில். 2025 ஜூலை 6, ஞாயிறு, மழை, மதியச் சாப்பாட்டுக்கு முன். யாழினியை ரஞ்சித் மடியில் வைத்துக்கொண்டார். பார்த்தவர்களில் ஒருத்தி மாதேஷ் மகள் சிவரஞ்சனி, பன்னிரண்டாம் வகுப்பு. பேனாவைக் குழந்தை திருப்பித் தரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிவரஞ்சனி